கண்ணாடிப்பாயும் கணினி அச்சும்: எல்லைப்புற வீடுகளின் வடிவங்களை யார் கலக்கிறார்கள்?

வீட்டு உள்ளலங்காரம் குறித்து இன்று வெளிவரும் காணொளிகளிலும் வண்ண இதழ்களிலும் ஒரே அறிவுரை சலிப்பின்றித் திரும்பத் திரும்ப ஓதப்படுகிறது. மூன்று வடிவங்களைத் தேர்ந்துகொள்க. ஒன்று பெரிதாகவும் ஒன்று நடுத்தரமாகவும் ஒன்று பொடியாகவும் இருக்கட்டும். மூன்றையும் ஒரு பொது நிறம் இணைக்கட்டும். அறையில் அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு இன்னொன்று, பத்துப் பங்கு மூன்றாவது. இதற்கு 'மிக்ஸ் அண்ட் மேட்ச்' என்று பெயர். அண்மைக் காலமாக இந்த அறிவுரையோடு 'பாரம்பரியம்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டுள்ளது. சுவரில் மூங்கில்பாய்த் தோற்றம், தரையில் ஆத்தங்குடித் தோற்றம், வாசலில் கோல ஒட்டுப்படம், மெத்தையுறையில் ஜமக்காளக் கோடு. நான்கும் அச்சு எந்திரத்தின் வேலை. பாலக்காட்டின் புதுக் குடியிருப்புகள் முதல் இடுக்கி மலைச்சரிவுகளின் விடுதிகள் வரை இந்தச் சமையல் குறிப்பு ஒன்றுபோலவே பரிமாறப்படுகிறது.

இந்த அறிவுரையின் கணக்கில் பிழையில்லை. பெரிய வடிவத்தின் அருகே பொடி வடிவம் நிற்கும்போது கண் இளைப்பாறுகிறது என்பதும், பொது நிறம் முரண்பாட்டைத் தணிக்கிறது என்பதும் அனுபவ உண்மைகள். பிழை, அது கேட்காமல் விடும் கேள்வியில் இருக்கிறது. எந்த வடிவம் எந்த வடிவத்தோடு பொருந்தும் என்று அது கேட்கிறது. அந்த வடிவம் எவருடைய கையிலிருந்து, எந்தப் பொருளிலிருந்து, எந்த விலைக்கு, எவருடைய ஒப்புதலோடு அறைக்குள் வந்தது என்று கேட்பதில்லை. எல்லைப்புற மாவட்டங்களான பாலக்காடும் இடுக்கியும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாத இடங்கள்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் ஆனைமலையும் பிற மாவட்டங்களும் நிற்கின்றன. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டின் மீது சாய்ந்திருப்பவை. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காடு கோவை மாவட்டத்தோடு கலக்கிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி தேனி மாவட்டத்தோடும், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டையோடும் கலக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், தமிழர் கோரிக்கை எழுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் நிலைத்தன. அரசியல் வரைபடம் கோடு போட்டது. துணி, ஓடு, பாய், பாத்திரம் ஆகியவை அந்தக் கோட்டைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டே இருந்தன.

ஆகவே முதலில் தூய்மைவாதிகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அலங்காரச் சந்தையை எதிர்ப்பவர்களில் ஒரு சாரார், கலப்பே கேடு என்கின்றனர். கேரள வீடு கேரள வீடாகவும் தமிழ் வீடு தமிழ் வீடாகவும் இருக்க வேண்டுமாம். இந்தக் கூற்றுக்குக் கல்பாத்தியே மறுப்பு. பாரதப்புழையின் கிளையான கல்பாத்தி ஆற்றங்கரையில் அமைந்த இந்த அக்கிரகாரத்தைக் கேரள அரசு மரபுக் கிராமமாக அறிவித்துள்ளது. பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று உள்நோக்கி நீளும் அமைப்பு, வாசலில் அரிசிமாக் கோலம் ஆகியவை தஞ்சைச் சமவெளியிலிருந்து குடிபெயர்ந்தோர் கொண்டுவந்தவை. மரத்தாலான மச்சும், கனமழையைத் தள்ளிவிடும் சரிந்த ஓட்டுக்கூரையும் மலையாள நாட்டுத் தச்சுமரபின் கொடை. இந்த வீட்டில் எது தமிழ், எது கேரளம் என்று பிரிக்கத் தொடங்கினால் கூரை இடிந்து தலையில் விழும்.

சித்தூர்ப் பகுதியின் தேவாங்கர் நெசவாளர் இன்னொரு சான்று. கன்னட நாட்டை மூலமாகக் கொண்ட சமூகம், தமிழ் ஒலிக்கும் ஊர்ப்புறத்தில் அமர்ந்து, கேரளத்தின் கசவு முண்டை நெய்கிறது. முதுவர் மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகத் தம் வாய்மொழி மரபில் சொல்லிக்கொள்கின்றனர். அவர்களுடைய பேச்சில் தமிழும் மலையாளமும் பிணைந்தே இருக்கின்றன. செட்டிநாட்டு மாளிகையோ பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் ஒரே கூடத்தில் நிறுத்தியது. இன்று தமிழ் மரபின் முத்திரையாகப் போற்றப்படும் ஆத்தங்குடித் தரையோடும் ஐரோப்பாவில் பரவியிருந்த வண்ணச் சிமெண்ட் ஓட்டு நுட்பத்தின் உறவுதான். கலப்பைக் குற்றமாக்குபவர் வரலாற்றையே குற்றமாக்குகிறார்.

அதே வேளையில் பழைய கலப்பை நட்பின் திருவிழாவாகச் சித்திரிப்பதும் பொய். கல்பாத்தியின் வாசற்கோலம் அழகின் அடையாளமாக இருந்ததோடு எல்லையின் அடையாளமாகவும் இருந்தது. 1924ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாக் காலத்தில் அந்தத் தெருக்களில் நடந்துசெல்ல முயன்ற ஈழவர்கள் தாக்கப்பட்டனர். மலையாளத் தச்சரின் உளி உள்ளே போன தெருவில் பிற சாதியாரின் கால்கள் போக முடியவில்லை. கைவினை ஏற்கப்பட்டது, கைவினைஞர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். இன்றைய அலங்காரச் சந்தை மரபிலிருந்து பெற்றுக்கொண்டது மிகச் சரியாக இந்தப் பழக்கத்தைத்தான். பாயின் வடிவம் வரவேற்பறைக்கு வருகிறது. பாய் முடைந்த பெண்ணின் பெயர் வருவதில்லை.

கலப்பின் இன்னொரு முகம் மூணாற்றின் தேயிலைத் தோட்ட லயங்களில் தெரியும். 1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்ரோ பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் பின்னர் தேயிலை வளர்ந்தது. அங்கே உழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய சிற்றறைகள் கிடைத்தன. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அந்தச் சிற்றறைகளில் பழைய பூச்சேலை கதவுத்திரையாகிறது. கட்டம் போட்ட லுங்கி தலையணையுறையாகிறது. கடவுள் படம் போட்ட நாட்காட்டி ஆண்டு முடிந்த பின்னும் சுவரில் தங்குகிறது. அலங்கார வல்லுநரின் மொழியில் இது துணிச்சலான வடிவக்கலப்பு. வாழ்பவரின் மொழியில் இருப்பதைக் கொண்டு இடத்தை வீடாக்கும் முயற்சி. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டனர். லயத்தின் தோற்றத்தை 'எளிய மலைவாழ்வு அழகு' என்று விடுதி அறைக்கு இறக்குமதி செய்பவர், அந்தச் சுவர்களுக்குள் எவர் எந்த உரிமையுமின்றி வாழ்ந்தார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இனி வடிவத்தின் உள்ளே சென்று பார்க்கலாம். எல்லைப்புறத்துப் பழைய அறையில் கோலமும் ஜமக்காளமும் பாயும் கட்டம் போட்ட துண்டும் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இருந்ததற்கு எவரும் அறுபது, முப்பது, பத்து என்று கணக்குப் போட்டது காரணமன்று. புள்ளிக் கோலம் புள்ளிகளை எண்ணிப் பிறக்கிறது. பவானி ஜமக்காளத்தின் பட்டைக்கோடு, ஊடைநூலின் நிறத்தை எத்தனை முறைக்கு ஒருமுறை மாற்றுவது என்ற எண்ணிக்கையில் பிறக்கிறது. துண்டின் கட்டம் பாவும் ஊடையும் குறுக்கிடும் எண்ணிக்கையில் பிறக்கிறது. பாயின் சாய்சதுரம், எத்தனை இழையை மேலே விட்டு எத்தனை இழையைக் கீழே தள்ளுவது என்ற எண்ணிக்கையில் பிறக்கிறது. நான்கும் எண்ணும் விரல்களின் குழந்தைகள். ஆகவே அவற்றுக்கிடையே ஒரு குடும்பச் சாயல் உண்டு. மேலும் சுவர் வெள்ளை, தரை சிவப்புப் பூச்சு, மரம் கருமை என்று பின்புலம் அமைதியாக இருந்தது. வடிவம் தேவைப்பட்டபோது விரிக்கப்பட்டது. வேலை முடிந்ததும் சுருட்டப்பட்டது. கோலமோ மறுநாள் காலையில் அழிந்து புதிதாகப் பிறந்தது. இருபத்து நான்கு மணிநேரமும் எல்லா வடிவமும் ஒருசேரக் கூச்சலிட வேண்டும் என்ற கட்டாயம் அந்த அறைக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் கண்ணாடிப்பாய் முக்கியமாகிறது. ஊராளி, மன்னான், முதுவர், மலையர், காடர் முதலிய பழங்குடிச் சமூகங்கள் இடுக்கி, பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களில் முடையும் பாய் இது. பாலக்காட்டையும் இடுக்கியையும் சாலையைவிட நெருக்கமாக இணைக்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுவே. ஈத்தை என்னும் மெல்லிய காட்டுமூங்கிலின் மென்மையான உட்படலத்தை நுண்ணிய இழைகளாகச் சீவி முடைகின்றனர். வடிவங்கள் ஒளியைத் திருப்பி மின்னுவதால் கண்ணாடி என்ற பெயர். குளிரில் வெதுவெதுப்பும் கோடையில் குளிர்ச்சியும் தரும் என்பது அதன் புகழ். 2025ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் பழங்குடிக் கைவினைகளில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது இதுதான்.

கண்ணாடிப்பாயின் வடிவத்தைத் தனி நிறமாக எவரும் பூசுவதில்லை. இழை படுத்திருக்கும் திசை மாறுவதால் ஒளி மாறுகிறது; ஒளி மாறுவதால் வடிவம் தோன்றுகிறது. பார்ப்பவர் நகர்ந்தால் வடிவமும் நகரும். இதைப் புகைப்படமெடுத்துச் சுவர்த்தாளில் அச்சிட்டால் என்ன கிடைக்கும்? ஒரே ஒரு கணத்தின் ஒளி உறைந்த பிணம் கிடைக்கும். காலை வெயிலிலும் மாலை விளக்கிலும் அது ஒன்றுபோலவே கிடக்கும். பாயின் உயிரான பண்பை நீக்கிவிட்டுப் பாயின் தோற்றத்தை மட்டும் விற்பதற்குப் 'பாரம்பரியச் சாயல்' என்று பெயர் சூட்டுவது, மொழிக்கும் இழைக்கப்படும் அநீதி. ஆத்தங்குடி ஓட்டுக்கும் இதே கதி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, நிறக்கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் அந்த ஓட்டில் கை நடுங்கிய இடம் தெரியும். ஆண்டுகள் நடக்க நடக்க மெருகு ஏறும். அச்சிட்ட பீங்கான் ஓட்டில் அதே 'கைநடுக்கம்' பத்து ஓட்டுக்கு ஒருமுறை அச்சுப்பிசகாமல் திரும்ப வரும்.

வடிவத்தைப் பொருளிலிருந்தும் மனிதரிடமிருந்தும் உரித்தெடுக்கும் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் இந்தியத் துணிகளும் பாய்களும் வியந்து பார்க்கப்பட்டன. அதன் ஏற்பாட்டில் பங்கேற்ற ஓவன் ஜோன்ஸ், 1856இல் உலகத்து அலங்கார வடிவங்களைத் தொகுத்து ஒரு பெருநூலை வெளியிட்டார். இந்திய வடிவங்களை அவர் மனமாரப் பாராட்டினார் என்பது உண்மை. ஆனால் அந்த வண்ணத் தாள்களில் வடிவம் இருந்தது, நெய்தவர் இல்லை. ஐரோப்பிய ஆலை எதுவும் எடுத்துப் பயன்படுத்தத் தக்க மாதிரிப் புத்தகமாக உலகம் மாறியது. அதே கண்காட்சியில் கரீபியக் குடிசையொன்றைப் பார்த்த ஜெர்மன் கட்டடக் கலைஞர் காட்ஃப்ரீட் செம்பர் வேறொரு முடிவுக்கு வந்தார். சுவரின் மூலம் கல்லன்று, முடைந்த பாயே என்றார் அவர். மனிதர் இடத்தை முதலில் பிரித்தது நெய்ததாலும் முடைந்ததாலும்தான். கற்சுவர் பின்னால் வந்த துணை. செம்பர் சொன்னது சரியென்றால், ஈத்தையை முடைந்து சுவராக்கிய காட்டுக்குடியினரே கட்டடக்கலையின் மூத்த ஆசிரியர்கள். அந்த ஆசிரியர்களின் வடிவத்தை மெத்தைக்குப் பின்னால் ஒட்டும் தாளாக்குவது எவ்வகை மரியாதை?

சட்டம் காக்கும் என்று நம்புவோர் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரையும் தோற்றுவாயையும் காக்கிறது. வேறெங்கோ செய்ததைக் கண்ணாடிப்பாய் என்று விற்றால் அது குற்றம். பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் அச்சிட்டு 'மூங்கில் சாயல்' என்று விற்றால் அந்தச் சட்டத்தின் கை எட்டுவது கடினம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவங்களுக்கே உரியது. பதிவுக்குப் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் காலம். தலைமுறைகள் கடந்து வந்த வடிவம் 'புதியது' ஆகாது என்பதால் அது வாசலிலேயே நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டமோ அறிந்த ஆசிரியரைத் தேடுகிறது. சமூகமே ஆசிரியராக இருந்தால் அதற்குத் திகைப்பு. மூன்று சட்டங்களுக்கும் இடைப்பட்ட சந்தில் அச்சு எந்திரம் வசதியாக ஓடுகிறது. பவானி ஜமக்காளத்தின் கதை இதற்கு முன்னெச்சரிக்கை. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. இருந்தும் விசைத்தறிப் போலிகளோடு போராடுவதே பவானி நெசவாளரின் அன்றாடமாக இருக்கிறது.

எதிர்வாதங்கள் மூன்று, மூன்றும் கவனத்துக்குரியவை.

முதலாவது, கைவினைப் பொருள் விலை அதிகம், எளியவர் அச்சிட்டதையே வாங்க முடியும் என்பது. உண்மை. வாடகை வீட்டில் கோல ஒட்டுப்படம் ஒட்டும் பெண்ணோ, லயத்தில் பூப்போட்ட நெகிழி விரிப்பை மேசைமேல் போடும் தொழிலாளியோ இந்த விமர்சனத்தின் இலக்கு அல்லர். அவர்கள் எதையும் மரபு என்று விற்கவில்லை; தம் சுவரைச் சற்று ஒளிரச் செய்கிறார்கள், அவ்வளவே. இலக்கு, ஓர் இரவுக்குப் பல்லாயிரம் வாங்கிக்கொண்டு 'பழங்குடி அனுபவம்' என்று பலகை வைத்துவிட்டு, சுவருக்கு மட்டும் சதுர அடிக் கணக்கில் அச்சுத்தாள் வாங்கும் விடுதியும், அதற்குத் திட்டம் வரையும் வல்லுநரும். பணமின்மையைக் காரணம் காட்ட அவர்களால் இயலாது.

இரண்டாவது, வடிவமைப்பாளர் சந்தை இல்லாவிட்டால் கைவினையே அழிந்துவிடும் என்பது. இதிலும் பாதி உண்மை உண்டு. பாய் படுக்கையாக இருந்த காலம் போய்விட்டது. கட்டிலும் மெத்தையும் வந்த வீட்டில் பாய்க்குப் புது இடம் வேண்டும். உள்கூரையாக, தடுப்பாக, கதவின் பலகையாக, விளக்கின் கூடாக அது வாழட்டும். இதை எதிர்ப்பவர் கைவினையின் நண்பர் அல்லர். ஆனால் இந்த வாதம் உண்மைப் பாயை வாங்குவோருக்கே பொருந்தும். அச்சுத்தாளை வாங்கிவிட்டுக் கைவினையைக் காப்பாற்றியதாகச் சொல்வது, இளநீர்ப் படத்தைப் பார்த்துவிட்டுத் தென்னை விவசாயியை வாழவைத்ததாகச் சொல்வதற்கு ஒப்பானது.

மூன்றாவது, மரபே பார்த்துச் செய்து பழகியதுதானே, நகலெடுப்பதில் என்ன தவறு என்பது. மரபில் நகல் உண்டு. பக்கத்து வாசலின் கோலத்தைப் பார்த்து இன்னொரு பெண் போட்டாள். மூத்தவர் முடைவதைப் பார்த்து இளையவர் முடைந்தார். அந்த நகலெடுப்பில் கற்றல் இருந்தது: நகலெடுத்தவர் எண்ணக் கற்றார், இழை சீவக் கற்றார், அடுத்தவருக்குக் கற்பித்தார். நகலெடுத்தவரும் மூலவரும் ஒரே சந்தையில், ஏறக்குறைய ஒரே வருவாயில் இருந்தனர். அச்சு எந்திரம் எண்ணக் கற்பதில்லை, எவருக்கும் கற்பிப்பதுமில்லை. ஒரு தலைமுறையின் விரல்களில் இருந்த அறிவை ஒரு கோப்பாக மாற்றி, அந்த விரல்களை வேலையற்றதாக்குவதே அது செய்வது.

இங்கே காட்டையும் பேசியாக வேண்டும். ஈத்தை இல்லாமல் கண்ணாடிப்பாய் இல்லை. காலனி ஆட்சிக் காலம் முதல் காடு அரசுடைமையாகி, மூங்கில் வருவாய்ப் பொருளாகக் கணக்கிடப்பட்டது. காகித ஆலைகளுக்கு மூங்கிலும் ஈத்தையும் லாரி லாரியாகச் சென்ற நாட்டில், பாய் முடைய ஒரு கட்டு வெட்டியவர் குற்றவாளியாகப் பார்க்கப்பட்டார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவனப் பொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமையை வனவாழ் மக்களுக்கு அளித்தது. சமூக வன உரிமை முழுமையாக நடைமுறைக்கு வராத வரை, புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டிய இன்னொரு சுவர் அலங்காரமாகவே எஞ்சும். வடிவத்தைப் போற்றி, மூலப்பொருளை மறுக்கும் பாராட்டு ஏமாற்று.

மாற்று வழி இல்லையா? உண்டு, அது இந்த மலைகளுக்கு அந்நியமும் அன்று. திருவனந்தபுரத்தின் கட்டடக் கலைஞராக உலகறிந்த லாரி பேக்கர், அதற்கு முன் இடுக்கியின் வாகமண்ணில் வாழ்ந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டு வீடு கட்டப்பட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைத் தம் தொழிலின் அடித்தளமாக ஏற்றவர். அவர் கட்டடங்களிலும் வடிவங்கள் மிகுதி. செங்கல்லை இடைவிட்டு அடுக்கிய சாளரச்சுவர் வெயிலைப் பொடிப்பொடியாக்கித் தரையில் தூவும். உடைந்த ஓட்டுத்துண்டு தரையின் சித்திரமாகும். ஆனால் எந்த வடிவமும் ஒட்டப்பட்டதன்று. செங்கல் அடுக்கும் முறையே வடிவம். காற்றும் வெளிச்சமும் வர வேண்டிய தேவையே வடிவம். கொத்தனாரின் கை அதில் மறைக்கப்படவில்லை. கலப்பும் உண்டு, நேர்மையும் உண்டு. அச்சுத்தாள் சந்தையால் செய்ய இயலாதது இதுவே.

ஆகவே வீடு கட்டுவோரும் விடுதி நடத்துவோரும் வடிவமைப்பாளரும் நிறப்பங்கைக் கணக்கிடும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடட்டும். இந்த வடிவத்தைச் செய்தவர் அல்லது செய்த சமூகம் யார்? இந்தப் பொருள், வடிவம் பிறந்த அதே பொருள்தானா, அல்லது அதன் படமா? விலையில் எவ்வளவு பங்கு செய்த கைக்குச் சேர்ந்தது? அறையில் அதன் பெயரும் ஊரும் எங்கே எழுதப்பட்டுள்ளன? இவற்றுக்கு விடையிருந்தால் கண்ணாடிப்பாயை ஆத்தங்குடி ஓட்டோடும், பவானிக் கோட்டைச் சித்தூர்க் கசவோடும் தாராளமாகக் கலக்கலாம். எல்லைப்புறம் அந்தக் கலப்பை என்றைக்கும் வரவேற்றே வந்திருக்கிறது.

அரசுகளுக்கும் கடமை உண்டு. சுற்றுலாத் துறையின் தரச்சான்று பெறும் தங்குமிடங்கள் 'பழங்குடி', 'பாரம்பரியம்' ஆகிய சொற்களை விளம்பரத்தில் பயன்படுத்தினால், அந்தக் கைவினையை அதன் உரிமையாளரிடமிருந்தே வாங்கியதற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்று விதிக்கலாம். அரசு விருந்தினர் மாளிகைகளின் உள்கூரைகளுக்கு ஆண்டுதோறும் பழங்குடிக் கூட்டுறவுகளிடம் உறுதியான கொள்முதல் ஆணை வழங்கலாம். சமூக அறிவாக வாழும் வடிவங்களுக்குக் காலவரம்பற்ற தனிப் பாதுகாப்பை வழங்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாம். இவற்றில் எதுவும் இயலாததன்று.

கலப்பது குற்றமன்று. மறைப்பதே குற்றம். கல்பாத்தியின் தச்சர் வாசலில் நின்ற நூற்றாண்டு போதும். பாய் முடைந்தவர், தாம் முடைந்த பாயோடு கூடத்துக்குள் வந்து அமரட்டும். பெரியது, நடுத்தரம், பொடி என்ற கணக்கை அதன்பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.